உன் நாவலைப் படித்துவிட்டோம்

அன்பு மகளுக்கு,

உன் நாவலை வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் படித்தாகிவிட்டது. நீ போனில் கேட்டபோது "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னேன். மீதியை எழுதினால்தான் சரியாக வரும்.

சித்தப்பாவுக்கு, தான் எங்குமே வரவில்லையே என்று வருத்தம். அது தானாகச் சரியாகிவிடும். என் விஷயத்துக்கு வருகிறேன். கதையில் வரும் அம்மா, கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். மடித்து வைத்த துணியையெல்லாம் உதறி மறுபடி மடிப்பாள். அது நான்தான். படித்தபோது சுருக்கென்றது, ஆனாலும் நீ என்னை இவ்வளவு கவனித்திருக்கிறாயே என்று சந்தோஷமாகவும் இருந்தது. அதே அம்மா மகளுக்கு வந்த கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாளே, அதை நான் செய்ததில்லை. கதைக்கு அது தேவைதான். ஆனால் துணி மடிப்பது அச்சு அசலாக இருப்பதால், கடிதம் கிழித்ததும் நிஜம் என்றே உறவுக்காரர்கள் நம்பிவிடுகிறார்கள். "அப்படியா செஞ்சீங்க?" என்று என்னிடமே கேட்கிறார்கள். "கதைதானே" என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்புவதாக இல்லை.

என்னை விடு, நான் தாங்கிக்கொள்வேன். மனசு கேட்காதது அத்தைக்காகத்தான். பெயரை மாற்றினாய், ஊரை மாற்றினாய், வேலையைக்கூட மாற்றினாய். ஆனால் பேசப் பேசக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதை அப்படியே விட்டுவைத்தாய். அது ஒன்று போதும், அவளைத் தெரிந்தவர்களுக்கு. தன் கல்யாணம் முறிந்த கதையை உன்னை நம்பி உன்னிடம் மட்டும் சொன்னவள், அது புத்தகத்தில் இருப்பதை வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

நார்வேயில் விக்திஸ் யோர்த் 2016இல் எழுதிய நாவலில் தங்கள் குடும்பத்தைத்தான் எழுதிவிட்டார் என்று வீட்டார் கொதித்தபோது, அவருடைய தங்கை ஹெல்கா மறுவருடமே பதிலுக்கு ஒரு நாவல் எழுதினார். அத்தையால் அப்படி எழுத முடியுமா? உன் பக்கம் அச்சில் இருக்கிறது, அவள் பக்கம் அவள் மனசுக்குள்தான் இருக்கிறது.

அமெரிக்க நாடக ஆசிரியர் யூஜின் ஓநீல் தன் குடும்பத்தை வைத்து எழுதிய நாடகத்தை, தான் இறந்து 25 வருடம் கழித்துத்தான் வெளியிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். 1953இல் அவர் இறந்தார். மனைவி 1956லேயே வெளியிட்டுவிட்டார். உன்னை அப்படியெல்லாம் காத்திருக்கச் சொல்லமாட்டேன். எழுது. என்னைப் பற்றியும் எழுது, அனுமதி கேட்க வேண்டாம். யாருடைய ரகசியத்தையாவது எடுத்தால் மட்டும், அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கங்களை அவர்களிடம் கொடுத்துவிடு. அவர்கள் சொல்கிறபடி மாற்றத்தான் வேண்டும் என்றில்லை. ஊரார் வாயால் கேட்பதற்கு முன் உன்னிடமிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

அப்புறம், இந்த வாரமே அத்தைக்கு நீயாகப் போன் செய். நாவலை ஏன் எழுதினாய் என்று விளக்க ஆரம்பிக்காதே. முதலில் அவள் பேசட்டும். திட்டினாலும் கேட்டுக்கொள். நீ கூப்பிட்டால் கட்டாயம் எடுப்பாள்.

அன்புடன்,
அம்மா