பட்டாளத்து நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் சொன்னபடி சொட்டு மருந்தை விடாமல் போடு. இங்கே எல்லாரும் சௌக்கியம், மழைதான் ஏமாற்றுகிறது.

கொஞ்ச நாளாக ஜீனெட் ராங்கின் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். மொன்டானா மாநிலத்துக்காரர், குடியரசுக் கட்சி. 1916இல் ஜெயித்தார். அப்போது அந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் பெண்களுக்கு முழு வாக்குரிமையே கிடையாது! மொன்டானாவில் 1914இல் கிடைத்தது; அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் இவர்.

பதவியேற்ற அதே வாரம், 1917 ஏப்ரலில், ஜெர்மனி மீது போர் தொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு. வேண்டாம் என்றார். அவரோடு சேர்த்து 50 பேர் அப்படி வாக்களித்தார்கள், ஆனாலும் வசவு முழுக்க அவருக்குத்தான். பதவி போனதும் அதனால்தான் என்பார்கள். அது பாதிக் கதை. அந்த ஜூனில் மொன்டானாவின் பியூட் நகரத்துச் சுரங்கத் தீயில் 160 பேருக்கு மேல் செத்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, இவர் அவர்கள் பக்கம் நின்று அனகோண்டா தாமிரக் கம்பெனியைப் பகைத்துக்கொண்டார். மொன்டானாவில் அந்தக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். அப்புறம் மாநிலத்தை இரண்டு தொகுதியாகப் பிரித்தார்கள். இவருக்கு வாய்த்தது எதிர்க்கட்சி பலமாக இருந்த பகுதி. செனட்டுக்கு நின்று பார்த்தார், தோற்றார். என் கணக்கில் போர் வாக்கைவிட பியூட் விஷயத்துக்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும்.

1940இல், 60 வயதில், மறுபடி ஜெயித்து வந்தார். 1941 டிசம்பரில், ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்ட மறுநாள் ஜப்பான் மீது போர் அறிவிக்க வாக்கெடுப்பு: 388க்கு 1. அந்த ஒன்று இவர். கூட்டம் சூழ்ந்துகொள்ள, டெலிபோன் கூண்டுக்குள் ஒதுங்கி, போலீஸ் துணையோடு அலுவலகம் போய்ச் சேர்ந்தார். அடுத்த தேர்தலில் நிற்கவே இல்லை. காந்தி மேல் பிடிப்பு; பின்னாளில் இந்தியாவுக்குப் பலமுறை வந்தார். 1968இல், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார்.

1917 வாக்கு எனக்குப் புரிகிறது. 1941 வாக்கு ஒப்பவில்லை. அடி விழுந்த பிறகும் வேண்டாம் என்றால், வேறு என்னதான் செய்வது? நீ பட்டாளத்தில் இருந்தவன், உனக்கு என்ன தோன்றுகிறது? கண் தெளிந்ததும் எழுது, அவசரமில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்