அது சுபாங் அல்ல, சுங்கை பீசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வாசகர்களின் பழைய படங்களை வெளியிட்டு வருகிறீர்கள். அதில் 'கோலாலம்பூர் சுபாங், 1958' என்ற குறிப்போடு வந்த படம் சுபாங்காக இருக்க முடியாது. சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டதே 30.8.1965-இல்தான். அதுவரை தலைநகருக்குப் பயணிகள் வந்து இறங்கியது சுங்கை பீசியில். நம்மவர் வாயில் இன்றும் 'பழைய ஏர்போர்ட்'.

அதே குறிப்பு, படத்திலுள்ள விமானத் தளம் 1952-இல் பிறந்தது என்கிறது. சுங்கை பீசிக்கு அதுவும் பொருந்தாது. ஓடுதளம் அதற்கு முந்தியது. 1941 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் 453-ஆவது படைப்பிரிவு பஃபலோ விமானங்களோடு ஜப்பானியரை எதிர்த்துக் கிளம்பியது இங்கிருந்துதான். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த மலாயா அவசரகாலத்தில் (1948–60) காட்டுக்குள் அரிசியும் தோட்டாவும் போட்ட வலெட்டா சரக்கு விமானங்களும், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்த ஹெலிகாப்டர்களும் இங்கேயே நின்றன. 1958-இல் நம் ஆகாயப் படை உருவானது, 2018-இல் தளம் நெகிரி செம்பிலானிலுள்ள சென்டாயானுக்குப் பெயர்ந்தது. இனி நேரில் போய் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. படத்தில் இருப்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் விமானத்தின் பக்கவாட்டுச் சின்னத்தைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, நீல வட்டங்கள் இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் விமானம். சிவப்பே இல்லாமல் நீலமும் வெள்ளையும் மட்டும் என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்ததை ஒட்டிய காலம். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி நம்மாட்களே சுட்டுவிடக் கூடாதென்று தென்கிழக்காசியாவில் சிவப்பை நீக்கியிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரியலாம், அவசரப்பட வேண்டாம்.

நீலச் சதுரத்துக்குள் மஞ்சள் நட்சத்திரம் இருந்தால் நம்முடையது. 1963 செப்டம்பருக்கு முன் மலாயாக் கொடியைப் போல 11 முனை, மலேசியா அமைந்த பிறகு 14. பாதி நட்சத்திரத்தை யாராவது மறைத்துக்கொண்டு நிற்பார்கள், அதுதான் வழக்கம். அப்போது முழுவதும் எண்ண வேண்டியதில்லை. ஒரு முனையிலிருந்து நடுப்புள்ளி வழியாக அடிக்கோலை வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் முனை வந்தால் 14, இரு முனைகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் வந்தால் 11. இரட்டைப்படை, ஒற்றைப்படை வித்தியாசம், அவ்வளவுதான். ஒரே நாளில் எல்லா விமானங்களுக்கும் புதுச் சாயம் பூசியிருக்க மாட்டார்கள் என்பதால், 11 முனையைப் பார்த்து 1964-ஐ முற்றாகத் தள்ளிவிடக் கூடாது. நட்சத்திரம் ஆண்டைச் சொல்லும், ஊரைச் சொல்லாது.

பயணி விமானமென்றால் பெயரைப் படியுங்கள். 'மலாயன் ஏர்வேய்ஸ்' 1963 வரை. அதன்பின் 'மலேசியன் ஏர்வேய்ஸ்'. 'எம்எஸ்ஏ' (மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) என்று இருந்தால் அறுபதுகளின் பிற்பகுதி முதல் 1972 வரை. அந்தக் காலத்துப் படம் கோலாலம்பூரில் எடுத்தது என்றால் அது சுபாங்தான். எழுத்து வலமிருந்து இடமாகத் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள்.

படம் அனுப்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அறுநூறு டிபிஐ-யில் (அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஆறு சென்டிமீட்டர் படத்துக்கு ஆயிரத்து இருநூறு. ஓரத்தை வெட்ட வேண்டாம், பின்புறத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பெரும்பாலும் ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். ஒட்டுப் பசை ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுத்தால் தாளின் மேல்தோலே உரிந்து வரும், பக்கத்தோடு ஸ்கேன் செய்வதே மேல். கைப்பேசிச் செயலியில் 'தெளிவாக்கி' அனுப்பவே வேண்டாம். அது மங்கலான நட்சத்திரத்துக்குத் தன்னிஷ்டத்துக்கு முனை வரைந்துவிடுகிறது.

தாங்கள் வெளியிட்ட படத்துக்கு வருகிறேன். வாலில் மூன்று செங்குத்துத் தகடுகள், மேலே நீண்ட இறக்கை, இரண்டு என்ஜின்: ட்வின் பயனியர். முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேல் தெரியும் நட்சத்திரத்தில் அடிக்கோல் வைத்தேன், எதிரே பள்ளம். ஆகவே ஆண்டு பொருந்துகிறது. ஊரை மட்டும் 'சுங்கை பீசி' என்று திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாலாக் செலாத்தான், கோலாலம்பூர்