மருந்தூசிக்கு முன் குளம்பைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கும், கால்நடை ஆய்வாளர் அக்காவுக்கும், லாடம் கட்டும் அண்ணாச்சிக்கும், கட்டை செதுக்கித் தந்த ஆசாரி அண்ணனுக்கும், லாரி ஓட்டும் தம்பிக்கும், கண்காட்சிக் கமிட்டியாருக்கும் வணக்கம்.

கறவைப் பசுப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில், முந்தின மாலை வரை ஒழுங்காக நடந்த ஜெர்சி கலப்புப் பசு விடியற்காலையில் இடது பின்னங்காலை ஊன்றாமல் நின்றது. இப்படி ஆனால் ஊரில் எழும் முதல் பேச்சு, "ஒரு வலி ஊசி போட்டு விடுங்க, போட்டி கழியட்டும்" என்பதுதான். உங்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. நீங்கள் செய்ததை விவரமாகவே எழுதுகிறோம். தோவாளையிலோ விளவங்கோட்டிலோ இன்னொரு தொழுவத்தில் மாடு நொண்டினால் அவர்களுக்கும் பயன்படட்டும்.

அக்கா, நீங்கள் வந்ததும் காலைத் தொடவில்லை; வாயைத் திறந்துதான் பார்த்தீர்கள். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம், எச்சில் ஒழுக்கு, குளம்பு இடுக்கில் புண் எதுவும் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். அந்த மாடு மட்டுமல்ல, அந்தத் தொழுவத்தின் எந்த மாடும் கண்காட்சிக்குப் போகக் கூடாது. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டிருந்தாலும் இந்தச் சோதனையை விடக் கூடாது என்றீர்கள். பிறகு காய்ச்சல் பார்த்தீர்கள்: 101.5 டிகிரி, சரியான அளவு. காய்ச்சலோடு வலி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினால் மூன்று நாள் காய்ச்சலை நினைக்க வேண்டும். இளம் மாட்டில் கடும் காய்ச்சலும், தொடைச் சதையை அழுத்தினால் நொறுநொறுக்கும் வீக்கமும் இருந்தால் சப்பை நோய், அதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. காலைப் பின்னுக்கு நீட்டி, வெட்டி வெட்டி இழுத்தால் கோளாறு முழங்கால் சில்லில் இருக்கும். இவை ஒவ்வொன்றையும் தள்ளிவிட்ட பிறகுதான் மாட்டை சிமென்டுத் தரையில் பத்தடி நடக்கவிட்டீர்கள். முதுகை வளைத்து, காலை வெளிப்பக்கம் அகட்டி வைத்தது. பிளந்த குளம்பின் இரண்டு பாதியில் எடையை உட்குளம்பில் தாங்க முயல்கிறது, அதனால் வலி வெளிக்குளம்பில் என்று கையால் தொடாமலே சொன்னீர்கள். நொண்டும் கறவை மாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு குளம்பில்தான், அதிலும் பின்னங்கால் வெளிக்குளம்பில்தான் அதிகம் என்று நீங்கள் சொன்னதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். தொடையைத் தடவித் தைலம் போடுவதில் எத்தனை நாள் வீணாகிறது!

அண்ணாச்சி, மாட்டைக் கீழே தள்ளாமல் நிற்க வைத்தே காலைத் தூக்கியதற்குத் தனி நன்றி. வயிறு நிறைந்த மாட்டையும் சினை மாட்டையும் தள்ளிப் படுக்கவைப்பது ஆபத்து. வயிற்றுக்கடியில் அகலப் பட்டை கொடுத்து, கணைக்காலுக்கு மேல் கயிறு சுற்றி, குறுக்குச் சட்டத்தில் ஏற்றி, ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டீர்கள். மாடு திமிறினால் கயிறு உடனே விட வேண்டும், இல்லாவிட்டால் புது முறிவு வரும்.

டாக்டர், குளம்பைத் தேய்த்துக் கழுவியதும் இடுக்கியால் முதலில் நல்ல உட்குளம்பை அழுத்தினீர்கள். மாடு அசையவில்லை. வெளிக்குளம்பில் சுவரும் அடித்தட்டும் சேரும் வெள்ளைக் கோட்டருகே அழுத்தியதும் காலை உதறியது. அந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. கத்தியால் தாள் தாளாகச் சீவினீர்கள். வெறும் கறையாக இருந்தால் இரண்டு சீவலில் மறையும். மறையாமல் உள்ளே போனால் அதன் பின்னாலேயே போக வேண்டும். அரிசி அளவு செம்மண் சரளை ஒன்று வந்தது, அதன் பின்னால் சாம்பல் நிறச் சீழ் பீய்ச்சியது. காலின் கனம் அப்போதே பாதி குறைந்தது போல மாடு மூச்சு விட்டது.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். அடித்தட்டில் கிணறு மாதிரி சிறு துளை போட்டுவிட்டால் சாணியும் சேறும் அதில் அடைத்து மறுபடி சீழ் கட்டும். நீங்கள் வெளிச்சுவர்ப் பக்கம் திறந்துவிட்டு, சதையை விட்டுக் கழன்ற கெட்டியான குளம்பு ஓடு முழுவதையும் எடுத்து, ஓரங்களைச் சரிவாக்கினீர்கள். சிவந்த உயிர்ச்சதையைத் தொடவில்லை. மயில்துத்தம் தூவட்டுமா என்று யாரோ கேட்டபோது கையைப் பிடித்துத் தடுத்தீர்கள்: திறந்த சதையில் அது பொசுக்கும், ஆறுவது தாமதமாகும். நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, துடைத்து, இறுக்கக் கட்டு போடாமல் உலர்ந்த இடத்தில் நிறுத்தச் சொன்னீர்கள்.

ஆசாரி அண்ணன் அயனிப் பலகையில் 12 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. கனத்தில் கட்டை செதுக்கித் தந்தார். அதை ஒட்டியது நோயுள்ள குளம்பில் அல்ல, பக்கத்திலுள்ள நல்ல குளம்பில். நல்லது உயர்ந்தால் நோயுள்ளது தரையில் படாமல் ஓய்வெடுக்கும். ஒட்டும் பரப்பு எலும்பு போலக் காய்ந்து, அரத்தால் சுரண்டியிருக்க வேண்டும். ஈரம் இருந்தால் மறுநாளே கழன்றுவிடும். கட்டை குளம்பின் முன்நுனிக்கு வெளியே நீளக் கூடாது, குதிப்பக்கம் முழுவதும் தாங்க வேண்டும். சுமார் நான்கு வாரம் இருக்கலாம், ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்தால் அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

வலிக்கு மெலாக்சிகாம் கொடுத்தீர்கள், கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கில். 400 கிலோ மாட்டுக்கு 200 மில்லிகிராம். ஆனால் சீழைத் திறந்த பிறகு. சீழை உள்ளே வைத்து வலியை மட்டும் அமுக்கினால் மாடு அந்தக் குளம்பை ஊன்றி நடக்கும், சீழ் மேலேறி மூட்டைப் பிடிக்கும், கடைசியில் அந்தக் குளம்பையே வெட்ட வேண்டி வரலாம். குளம்புக்கு மேலே வீக்கமோ காய்ச்சலோ இல்லாததால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றீர்கள். இரண்டு குளம்பும் விரிந்து, இடுக்கில் அழுகி நாறினால் அது வேறு நோய், அதற்கு ஆன்டிபயாட்டிக் கட்டாயம். செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்வதால் மாட்டுக்கு வலி மருந்தான டைக்ளோபினாக் 2006-லும், கீட்டோபுரோபனும் அசிக்ளோபினாக்கும் 2023-லும் தடை செய்யப்பட்டதை நினைவூட்டி, பழைய குப்பியைக் கேட்டவரைத் திருப்பி அனுப்பியதற்கும் நன்றி. மருந்து கொடுத்தபின் பாலை விற்கக் கூடாத நாட்களையும் எழுதித் தந்தீர்கள்.

ஏன் போட்டி நெருங்கும்போதே இப்படி வருகிறது என்று நீங்கள் சொன்ன காரணம் நேராக எங்களைப் போன்ற வளர்ப்பவர்களுக்குத்தான். தினமும் இரண்டு வேளை குளிப்பாட்டுவதில் குளம்பு ஊறி மிருதுவாகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் பெய்வதால் ஏற்கெனவே ஊறியதுதான். அழகுக்காகக் கடைசி வாரத்தில் சீவுவதில் அடித்தட்டு மெலிந்து சரளை குத்துகிறது. சீவுவதானால் ஒரு மாதம் முன்பே சீவி, அடித்தட்டில் ஐந்து மில்லிமீட்டராவது கனம் விட வேண்டும். மடி நிறைய வேண்டுமென்று தீவனத்தைத் திடீரென்று கூட்டினாலும், சோறு, கஞ்சி, பலாச்சுளை என்று அள்ளிப் போட்டாலும் வயிறு புளித்து, குளம்புக்குள் இரத்த ஓட்டம் கெடும். அதன் பலன் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் அடித்தட்டில் இரத்தக் கறையாகத் தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு அரை கிலோவுக்கு மேல் கூட்டாமல், வைக்கோலை முதலில் போட்டுவிட்டுத் தீவனம் வைப்பதே முறை.

லாரித் தம்பி, கட்டை ஒட்டிய மாட்டை ஏற்ற மாட்டேன் என்று நீங்கள் மறுத்தது சரி. அதற்குப் பதில் போன மாட்டுக்காக ஒரு சாண் உயரம் தென்னை நார்த்தூள் பரப்பி, பலகையில் சாக்கு விரித்து, மேட்டு வரப்போரம் நிறுத்திச் சரிவைக் குறைத்தீர்கள். கமிட்டியார் கடைசி நேரத்தில் மாற்று மாட்டை ஏற்றதோடு, நடைபாதையில் கிடந்த ஜல்லியை வாரிவிட்டு மணல் கொட்டினார்கள். அன்று அங்கே நடந்த ஒவ்வொரு மாட்டின் குளம்புக்கும் அது உதவி.

குளம்பு இடுக்கியும் இரண்டு கத்தியும் ஒரு அரமும் இப்போது பால் சங்கத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். திருப்பித் தரும்போது சாணி போகக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, காயவைத்துத் தாருங்கள். கத்தி வழியாகவும் குளம்பு நோய் தொழுவம் மாறும். டாக்டர் கிடைக்காவிட்டால் கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள். அண்ணாச்சி, கட்டை எடுக்க வரும் வெள்ளிக்கிழமை அரத்தோடு வாருங்கள். மாட்டைக் காலையிலேயே கட்டி, குளம்பைக் கழுவி வைத்திருப்போம்.

நன்றியுடன்,
பால் மாடு வளர்ப்போர்,
கல்குளம் தாலுகா