ஒன்றரை மில்லிகிராம் மருந்தை எங்கே வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பறவை, முயல், ஆமை வளர்ப்போர் பெருகிவருவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை கூண்டின் அளவு, தீவனம், வெயில் என்று பலவற்றையும் எடுத்துச் சொல்லியிருந்தது. ஆனால் அந்த உயிர்களுக்கு நோய் வந்தால் மருந்து எந்த வடிவில், எந்த அளவில் கிடைக்கிறது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

அண்மையில் எங்கள் தெருவில் காக்டீல் என்ற சிறு கிளியினப் பறவையை வளர்க்கும் கல்லூரி மாணவி ஒருவர், கால்நடை மருத்துவரின் சீட்டோடு என்னிடம் வந்தார். பறவையின் எடை 90 கிராம். என்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வேளைக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக, நாளைக்கு இரு வேளை கொடுக்கும்படி மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தார். மருந்துக் கடையில் கிடைத்ததோ நாய்களுக்கான 150 மில்லிகிராம் மாத்திரை. "தூளாக்கித் தண்ணியில கலந்து ஒரு சொட்டு விடுங்க, போதும்" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஒரே மாத்திரையில் அப்பறவைக்கு நூறு வேளைக்கு மேல் கொடுக்கும் மருந்து இருக்கிறது. இன்னொரு கடையில் கோழிப்பண்ணைகளுக்கென்று விற்கப்படும் 10 சதவீதக் கரைசலை எடுத்து நீட்டினார்களாம். அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் மருந்து உண்டு. ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே ஒரு சொட்டிலேயே ஐந்து மில்லிகிராம், அதாவது மருத்துவர் எழுதியதைப் போல மூன்று மடங்குக்கு மேல், உள்ளே போய்விடும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியில் கலப்பதற்காகத் தயாரான மருந்தை நேரே காக்டீலின் அலகில் விடச் சொல்வது எந்த வகையிலும் சரியாகாது.

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது என்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் செய்து பார்த்தால் எவருக்கும் விளங்கும். குலுக்கி வைத்த சிறிது நேரத்தில் பொடியில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். மேலே நிற்பது பெயருக்குத்தான் மருந்து. முதல் சில நாள்கள் பறவைக்கு வெறும் தண்ணீர் போகிறது, குப்பி காலியாகும் நேரத்தில் பல மடங்கு மருந்து போகிறது. பொடி சீராகப் பரவி நிற்க மெத்தில் செல்லுலோஸ் போன்ற குழகுழப்பான ஊடகம் தேவை. அதோடு, எந்த மருந்து எந்த ஊடகத்தில் எத்தனை நாள் வீரியம் குறையாமல் இருக்கும் என்ற அறிவும் தேவை. கிளியினங்களிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய சிட்டகோசிஸ் நோய்க்கு டாக்சிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக்கை 45 நாள் வரை கொடுப்பது வழக்கம். அதை நீர்மமாகக் கலந்து வைத்தால் ஒரு வாரத்துக்குப் பின் அதன் வீரியத்தை நம்ப முடியாது என்பதால், வாரந்தோறும் புதிதாகக் கலந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். கூண்டில் தொங்கும் கடல் நுரையில் (கணவாய் ஓட்டில்) உள்ள சுண்ணாம்புச் சத்து அம்மருந்தை உடலில் சேரவிடாது என்பதையும் மருந்து கொடுப்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அளந்து கொடுப்பதிலும் இதே நிலைதான். சிறிய அளவு என்பதால் பலரும் இன்சுலின் சிரிஞ்சை வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 40 யூனிட் சிரிஞ்சில் (40 யூனிட் என்றால் ஒரு மில்லிலிட்டர்) பத்து என்று போட்டிருக்கும் கோடு கால் மில்லிலிட்டரைக் குறிக்கிறது. அதை மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று படிப்பவர் ஒவ்வொரு வேளையும் இரண்டரை மடங்கு மருந்தை ஏற்றுகிறார்.

இவற்றில் எதுவும் புதிய வித்தை இல்லை. என் தலைமுறையினர் சிறுவயதில் குடித்த மருந்தெல்லாம் மருத்துவர் எழுதிக் கொடுக்க, கம்பவுண்டர் கலந்து தந்த மிக்சர்தான். வேளைக்கு ஒரு வெட்டாகக் கத்தரித்த காகிதப் பட்டையைக் குப்பியின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார்கள். கம்பெனித் தயாரிப்புகள் பெருகியபின் மனிதருக்கு அந்த வேலை பெரும்பாலும் தேவையற்றுப்போனது நியாயமே. நம் ஊரில் எல்லாரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் 35 கிராம் பட்ஜிக்கு மட்டும் அது இன்னும் தேவைப்படுகிறது, ஏனெனில் அதற்கென்று தனி மாத்திரை அடித்தால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது.

சட்டம் இதற்குத் தடையாக இருப்பதாகச் சில கடைக்காரர்கள் சொல்வதுண்டு. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆவது விதியைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. உரிமம் பெற்ற இடத்தில் பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில் மருந்து கலக்கலாம் என்றே அது சொல்கிறது. சீட்டின்படி மருந்து கலந்து தரும் வசதியுள்ள கடைதான் தன்னை 'பார்மசி' என்று பலகையில் போட்டுக்கொள்ளலாம் என்றும் அதே விதி வகுத்திருக்கிறது. அந்த வசதிக்கு வேண்டிய தராசு, கல்வம் (மருந்து அரைக்கும் சிறு உரல்), அளவுக் குவளை முதலியவற்றை 'என்' அட்டவணை பட்டியலிடுகிறது. இன்று அந்தப் பலகையை மாட்டியிருக்கும் கடைகளில் எத்தனை கடைகளில் ஒரு கல்வமாவது இருக்கும் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஒரு நாள் நடந்து பார்த்தால் போதும். கால்நடைகளுக்கான மருந்தின் அட்டையில் வீட்டு விலங்கொன்றின் தலை அச்சிடப்பட வேண்டும் என்பதும் விதிதான். அதை வகுத்தவர்கள் மனத்தில் மாடு இருந்திருக்கும். பல்லியும் பஞ்சவர்ணக்கிளியும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அளவைப் போலவே மருந்தைத் தெரிந்தெடுப்பதிலும் கலப்பவர் கண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப் வீட்டில் இருக்கிறதே என்று முயலுக்கு ஊற்றினால், அதன் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகி, முயல் இறந்துபோகக்கூடும். நாய்க்கும் மாட்டுக்கும் சாதாரணமாகப் போடும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமைக்கு நஞ்சு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அதன் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டங்கூட்டமாக அழித்ததையும், 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டதையும் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். சுவையும் உயிருக்கு உயிர் வேறுபடுகிறது. மிளகாய்ப் பழத்தைக் கிளி ரசித்துத் தின்னும், முயல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கசப்பு மருந்தால் தீனியை வெறுத்து ஒதுக்கும் முயலுக்கு ஒரே நாளில் குடல் இயக்கம் நின்றுவிடலாம் என்பதால், வாழைப்பழச் சுவை சேர்த்துக் கலப்பதை ஆடம்பரம் என்று தள்ள முடியாது.

ஊர்வனவற்றின் கதை தனி. வெளிவெப்பத்தைச் சார்ந்து வாழும் அவற்றின் உடலில் மருந்து மெல்லவே கழியும் என்பதால், செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை 72 மணி நேரத்துக்கு ஒரு முறை போடுகிறார்கள். 300 கிராம் எடையுள்ள ஆமைக்கு வேளைக்கு வேண்டியது ஏறத்தாழ ஆறு மில்லிகிராம். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய குப்பியே 250 மில்லிகிராம். கலக்கியபின் அது குளிர்ப்பெட்டியில் சில நாள்களே தாங்கும். விவரம் தெரிந்த மருத்துவமனைகளில் ஒரு குப்பியைக் கலக்கி, வேளைக்கு ஒன்றாகச் சிறு சிரிஞ்சுகளில் எடுத்து உறைய வைத்துக் கொடுக்கிறார்கள். மற்ற இடங்களில் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு குப்பி உடைபடுகிறது. (நட்சத்திர ஆமையையும் பச்சைக்கிளியையும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், நான் சொல்வது அவற்றை வளர்ப்போருக்கு வக்காலத்து ஆகாது.)

கலந்து தரும் மருந்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெனிசுவேலா நாட்டுப் போலோ அணியின் 21 குதிரைகள் ஆட்டத்துக்கு முன் அடுத்தடுத்துச் சரிந்து இறந்தன. கலந்து தந்த சத்து ஊசியில் செலினியத்தின் அளவு கணக்குத் தவறிக் கூடிப்போனதே காரணம். பயிற்சி பெற்றவர் கையிலேயே அப்படி நேர்ந்ததென்றால், ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்காமல் குப்பியை வெளியே விடக் கூடாது. கம்பெனி மருந்து தகுந்த அளவில் கிடைக்கும்போது அதன் மலிவு நகலைக் கலந்து விற்பதையும் அனுமதிக்கக் கூடாது.

முந்நூறு ரூபாய்ப் பறவைக்கு ஐந்நூறு ரூபாய் மருந்தா என்று கேட்பவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. வளர்ப்பவர்கள் செலவழிக்கத் தயாராகவே வருகிறார்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி மருந்தியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மாணவர்கள் மிக்சரும் சஸ்பென்ஷனும் கலக்கப் பழகி, மதிப்பெண் வாங்கியதும் அவற்றைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். இவ்விரு துறையினரும் சேர்ந்து முதலில் வேப்பேரி மருத்துவமனையிலாவது, கால்நடை மருத்துவரின் சீட்டுக்கு மட்டும் மருந்து கலந்து தரும் அறை ஒன்றைத் திறக்கலாம். அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு குப்பியிலும் உயிரினத்தின் பெயர், எடை, ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம், கலந்த தேதி, கொட்டிவிட வேண்டிய தேதி, குளிர்ப்பெட்டியில் வைப்பதா வேண்டாமா என்ற குறிப்பு ஆகியவை தமிழில் இருக்க வேண்டும். அளவுக்கோடு மில்லிலிட்டரில் போட்ட ஒரு சிரிஞ்சும் கூடவே தரப்பட வேண்டும். கால்நடை மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலப்பது விதிக்கு உட்பட்டதே என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால், தனியார் கடைகளிலும் சிலராவது முன்வருவார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை