சிக்கரியைக் கூட்டிவிட்டோம் என்கிற பேச்சு பற்றி

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடைக் காபித் தூளைப் பற்றிச் சுற்றுகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் தூளைத் தூவுகிறார்கள், பாதி மிதக்கிறது, மீதி பழுப்புக் கோடாகச் சாயம் விட்டுக்கொண்டே அடியில் இறங்குகிறது, உடனே "கலப்படம் பாருங்க" என்று ஒரு குரல்.

அது சிக்கரிங்க, காபியோடு சேர்க்கிற வறுத்த வேர்த் தூள். காபித் தூளில் எண்ணெய்ப் பசை உண்டு, கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி போட்டதும் முங்கிச் சாயம் விடும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நம் பாக்கெட்டில் 80-20, அதாவது காபி 80, சிக்கரி 20 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வீடியோவில் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டவே இல்லை. மனசு கஷ்டப்பட்டது அதற்குத்தான்.

"முன்ன மாதிரி ஸ்ட்ராங்கா இல்ல" என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்குவது சிக்கரியால், அதில் சுறுசுறுப்பு தருகிற கஃபீன் துளியும் கிடையாது. சுறுசுறுப்பு காபிக் கொட்டையிலிருந்து வருவது. கொட்டையில் ரொபஸ்டா, அரபிகா என்று இரண்டு ரகம்; ரொபஸ்டாவில் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன், கசப்பும் தூக்கல், வாசனைதான் கம்மி. அதற்காகக் கசப்பெல்லாம் கஃபீன் என்றும் நினைக்க வேண்டாம், பெரும்பங்கு வறுவலில் வருகிறது, கஃபீன் நீக்கிய காபியும் கசக்கத்தான் செய்யும். 60-40 குடித்துப் பழகியவர் 80-20க்கு மாறினால் நிறம் வெளுத்துத் தெரியும், ஆனால் டம்ளரில் காபி கூடுதலாகத்தான் இருக்கிறது. கெட்டியாகத்தான் வேண்டும் என்றால் 70-30 கேளுங்கள், எதிரிலேயே அரைத்துத் தருகிறோம்.

2024-ல் லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன் 5,000 டாலரைத் தாண்டியது, 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரபிகா பவுண்டு 4 டாலருக்கு மேல் போனது. கொட்டை விலை இப்படி ஏறியதும், சிக்கரியைக் கூட்டித் தூள் விலையைப் பிடித்து வைக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. நாங்கள் அதைச் செய்யவில்லை.

வீடியோ வந்த மறுநாளும் வழக்கம்போல டப்பாவோடு வந்து நின்ற லாங் பஜார் அக்காமார்களுக்கும், குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து மாதத் தூள் வாங்கிப் போகிற பெரியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. உங்களை நம்பித்தான் கடை ஓடுகிறது.

அப்புறம், ஒன்றாம் தேதியிலிருந்து கால் கிலோவுக்கு 20 ரூபாய் கூடுகிறது, ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது.

சந்தேகம் இருப்பவர்கள் வீட்டில் இருக்கும் பாக்கெட்டோடு வாருங்கள். சிக்கரி இல்லாத தூளையும் பக்கத்து டம்ளரில் போட்டுக் காட்டுகிறோம்.

கடை உரிமையாளர், வேலூர்