விடுமுறைக் கைவேலை: காகிதத் தரைப் பலகை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் விடுமுறைக்கு இம்முறை பயிற்சித்தாள் கிடையாது. அதற்குப் பதில், உங்கள் பிள்ளை இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும். அதன்மேல் பழுப்புக் காகிதம் ஒட்டி, கோலம் போட்டு, வார்னிஷ் பூசித் திருப்பிக் கொடுங்கள். எல்லாப் பலகைகளையும் சேர்த்து வாசிப்பு மூலைக்குத் தரை போடப் போகிறோம்.

தொடங்கும் முன்பே ஒரு பாட்டியிடமிருந்து தொலைபேசி. "காகிதத்தைக் காலால் மிதிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?" நியாயமான கேள்வி. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள் இவர்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போவதில் எனக்கும் விருப்பமில்லை. ஆகவே எழுத்துள்ள தாள் எதுவும் இதில் வேண்டாம். செய்தித்தாள் ஒட்டினால் அழகாயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அது பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரருக்கே போகட்டும். காகிதப் பையிலும் அச்சில்லாத பக்கத்தை மட்டும் கிழித்தெடுங்கள். 2023 ஜூலையிலிருந்து சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு கொடுக்கிறோம், காகிதப் பைக்கும் அதேதான். இதற்கென்று புதிதாக வாங்காதீர்கள். அலமாரியில் மடித்துச் செருகியிருப்பதே போதும்.

கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிடுங்கள். கையால் கிழித்த ஓரம் மெலிந்து அடுத்த துண்டோடு படிந்துவிடும். வெட்டிய ஓரம் கோடாகத் துருத்தும். நேரான ஓரமுள்ள துண்டுகள் பலகையின் விளிம்புக்கு மட்டும். உள்ளங்கை அளவுத் துண்டை நன்றாகக் கசக்கி உருட்டி, பிறகு விரிக்க வேண்டும். அந்தச் சுருக்கங்களில் பசை தங்கி நிறம் கூடும். தரையின் அழகே அதுதான். வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து, துண்டை நனைத்து, லேசாகப் பிழிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் காற்றை வெளியேற்றுங்கள். அடிப்பக்கத்திலும் ஓர் அடுக்கு ஒட்டாவிட்டால், காகிதம் காயும்போது இழுத்துப் பலகை அப்பளம்போல் வளைந்துவிடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே நாளில் காயாது. மின்விசிறிக்குக் கீழே மூன்று நாளாவது இருக்கட்டும். ஈரம் உள்ளே இருக்க வார்னிஷ் பூசினால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் காய வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விடுங்கள். தீயணைப்பு விதி அது.

காய்ந்தபின் வெள்ளை அக்ரிலிக் நிறத்தில் 5 புள்ளி, 5 வரிசைச் சிக்குக் கோலம். கோணலாக வந்தாலும் பிள்ளையின் கோடே இருக்கட்டும். அம்மா போட்ட கோலம் எனக்குப் பார்த்ததுமே தெரியும்! வார்னிஷ் பெரியவர்களின் வேலை. தண்ணீரில் கலக்கும் பாலியூரித்தேன் வகை வாங்குங்கள். எண்ணெய் வகை மஞ்சளாகும், வாடையும் அதிகம். சன்னலைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது என ஐந்து பூச்சாவது கொடுங்கள்.

இது நன்றாக வந்தால் வரவேற்பறைக்கே செய்யும் ஆசை வரலாம். வழவழப்பான டைல்ஸில் பசை பிடிக்காது, உரிந்துவரும். வாடகை வீடென்றால் அந்த எண்ணமே வேண்டாம்.

நான்காம் தவணையின் முதல் வாரத்தில் பலகையைக் கொண்டு வாருங்கள். பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், எடுத்துவர வேறு ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்