கருவாடு கட்டிய 1952: பழைய பேப்பர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலோரம் முழுக்கப் பழைய பேப்பர், பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் பாய்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். எக்ஸ்எல் வண்டியில் வந்து, கட்டி வைத்த மூட்டையைப் பிரிக்கச் சொல்லித் தொந்தரவு செய்து, கடைசியில் இரண்டே இரண்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறவன். "கிரிக்கெட் புக்கு சார் வந்துட்டாரு" என்று பையன்களிடம் நீங்கள் கண்ணடிப்பதும் எனக்குத் தெரியும். ராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், சோறு போடுவது அதுதான். பழைய கிரிக்கெட் புத்தகம், பத்திரிகை, மேட்ச் டிக்கெட், கையெழுத்து எல்லாம் சேர்ப்பதும், ஒன்றுக்கு இரண்டாகக் கிடைப்பதை விற்பதும் இருபது வருஷப் பழக்கம். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாசியில் பாம்பனில் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே வினு மன்கட். பந்து வீசக் கையைத் தூக்கியபடி நிற்கிறார். உப்பும் ஈரமும் ஊறி, பின்பக்கத்து விளம்பரம் அவர் முகத்தின் மேல் தெரிகிறது. அப்படியும் 55 ரன்னுக்கு எட்டு விக்கெட் என்ற வரியைப் படிக்க முடிந்தது. 1952 பிப்ரவரி, சேப்பாக்கம். இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது வருஷம் கழித்து முதன்முதலாக ஜெயித்த ஆட்டம், இங்கிலாந்துக்கு எதிராக. மன்கட் முதல் இன்னிங்ஸில் எட்டு விக்கெட், இரண்டாவதில் நான்கு. ஆட்டம் தொடங்கிய அன்றுதான் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்துபோனார். மறுநாள் ஆட்டத்துக்கே விடுமுறை விட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஆட்டத்தைப் பற்றிய தாளில் ஒட்டியிருந்த நெத்திலித் தலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன்.

மறுநாளே பாம்பனுக்கு ஓடினேன். கருவாட்டுக்கார அம்மா கை காட்டிய பேப்பர் கடையில், "அதுவா சார், ஒரு பெட்டி நிறைய வந்துச்சு. பாதி கருவாட்டுக்குப் போச்சு, பாதி மில்லுக்கு லோடுல ஏறிருச்சு" என்றார்கள். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. கிலோவுக்கு வாங்கியதைக் கிலோவுக்கு விற்றார், அவர் மேல் என்ன தப்பு? இத்தனை வருஷமாக உங்கள் கடைக்கு வந்து போகிற நான், எதைத் தேடுகிறேன் என்று ஒரு தடவைகூட விளக்கமாகச் சொன்னதில்லை. சொன்னால் விலையை ஏற்றிவிடுவீர்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு பெட்டி போனதுதான் மிச்சம். இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்'. மெட்ராஸிலிருந்து ஹிந்து பத்திரிகைக்காரர்கள் வெளியிட்ட வாரப் பத்திரிகை, 1968-ல் நின்றுபோனது. எந்த இதழ் கிடைத்தாலும், அட்டை இல்லாவிட்டாலும் எடுத்து வையுங்கள். அதே நிறுவனத்தின் 'இந்தியன் கிரிக்கெட்' ஆண்டுப் புத்தகமும் அப்படித்தான். 1978-ல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்டார்' நிறையவே வரும். அதில் எனக்கு வேண்டியது நடுப்பக்கப் போஸ்டர் கிழிக்காத இதழ். நம் ஊர் முடிவெட்டும் கடைச் சுவர்களில் பாதி அந்தப் போஸ்டரால்தான் நின்றது என்பதால் முழு இதழ் கிடைப்பது கஷ்டம். அப்புறம் மஞ்சள் அட்டை போட்டு, செங்கல் கனத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்தால் அது விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டுப் புத்தகம். 1864-லிருந்து வருஷா வருஷம் வருவது. பளிச்சென்ற மஞ்சள் அட்டை நிலையானது 1938-லிருந்து. இந்தக் கரையில் எனக்கு இதுவரை நான்குதான் கிடைத்திருக்கின்றன, நான்கும் கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்களிலிருந்து.

புத்தகம் மட்டும் இல்லை. பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்கள், டிரம்ப் கார்டு, 1999 உலகக் கோப்பைக்குப் பிரிட்டானியா பிஸ்கட் உறைகளைச் சேர்த்து வாங்கிய குட்டிப் புத்தகம் என்று எதுவானாலும் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். நோட்டை உதறிப் பார்க்காமல் எடை போடாதீர்கள்.

இனி டிக்கெட். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் சபராளி (வெளிநாட்டில் சம்பாதிக்கப் போனவர்) வீடுகளைக் காலி செய்யும்போது வருகிற பெட்டிகளில் ஷார்ஜா மேட்ச் டிக்கெட் இருக்கும். பாதி கிழிந்திருக்கும். கிழிந்ததுதானே என்று குப்பையில் போடுகிறீர்கள். கிழிந்ததுதான் எனக்கு வேண்டும். வாசலில் கிழித்தார்கள் என்றால் ஒரு ஆள் உள்ளே போய் உட்கார்ந்தார் என்று அர்த்தம். கிழியாத டிக்கெட் விற்காமல் மிஞ்சியதாகவும் இருக்கலாம்.

1986 ஏப்ரல் 18 என்று தேதி போட்ட டிக்கெட் கண்ணில் பட்டால் உடனே போன் போடுங்கள். கடைசிப் பந்து, பாகிஸ்தானுக்கு நான்கு ரன் வேண்டும், சேத்தன் சர்மா போட்ட பந்தை மியான்தாத் சிக்ஸர் அடித்த நாள். கீழக்கரையில் அறுபது வயது தாண்டிய எந்தக் காக்காவை (அண்ணனைத்தான் அப்படிச் சொல்வோம்) கேட்டாலும் அன்றைக்கு அந்த மைதானத்தில்தான் இருந்தேன் என்பார். எல்லாரும் சொல்வது நிஜமென்றால் ஷார்ஜா மைதானத்தைப் பக்கத்து ஊர் வரை நீட்டிக் கட்டியிருக்க வேண்டும். டிக்கெட் காட்டியவர் இதுவரை ஒருவர்தான். அவரும் விற்கமாட்டேன் என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

இலங்கைப் பக்கத்துச் சாமான்கள் இன்னும் அபூர்வம். சென்னை அணியும் இலங்கை அணியும் ஆடிக்கொண்டிருந்த கோபாலன் கோப்பையின் ஸ்கோர் அட்டைகள், கொழும்பு செய்தித்தாள்கள் ஏதாவது வரலாம். கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் ஆஸ்திரேலிய அணி வழியில் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போவது அப்போது வழக்கம். 1948-ல் பிராட்மேன் அப்படி ஆடியபோது பிட்ச்சை அளந்து பார்த்தால் இருபத்திரண்டு கஜத்துக்குப் பதில் இருபது கஜம்தான் இருந்ததாம்! இந்தியாவில் ஒரு மேட்ச்கூட ஆடாத பிராட்மேன் நமக்கு எதிர்க்கரை வரை வந்து போயிருக்கிறார். அந்த ஆட்டத்தைப் பார்த்த யாரோ ஒருவர் ஒரு துண்டுத் தாளையாவது பெட்டியில் வைத்து, தலைமன்னாரில் கப்பலேறி இந்தக் கரையில் இறங்கியிருக்கமாட்டாரா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

கையெழுத்து விஷயத்தில் எச்சரிக்கை. நான் ஏமாந்த கதையைச் சொன்னால் புரியும். ஒரு சின்ன மட்டை, முழங்கை நீளம், பதினைந்து கையெழுத்து. வெளியூர் ஆள் ஒருவரிடம் நாலாயிரம் கொடுத்து வாங்கினேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. பேனாவால் போட்ட கோடு ஓரிடத்தில் அழுத்தி, ஓரிடத்தில் மெலிந்து, இரண்டு கோடு குறுக்கே போகும் இடத்தில் மை கூடி நிற்கும். அச்சடித்த கோட்டில் அது எதுவும் இருக்காது. அந்த மட்டையில் இப்போது என் மகள் வீட்டுப் பேரன் பிளாஸ்டிக் பந்து அடிக்கிறான்.

இன்னொன்று நல்ல கதை. ஷார்ஜாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரராக இருந்தவரின் பெட்டி கீழக்கரையிலிருந்து ஒரு பாயின் பேப்பர் கடைக்கு வந்தது. அதில் ஹோட்டல் லெட்டர் தாள் ஒன்று, பதினோரு கையெழுத்து. நிஜப் பேனா, நிஜ மை. ஆனால் நான்காவதும் ஒன்பதாவதும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், கடைசி எழுத்தின் வால்கூட ஒரே மாதிரி. தூங்கப் போன ஆட்டக்காரருக்காகப் பக்கத்து அறைக்காரர் போட்டிருப்பார்! பழைய அணித் தாள்களில் இது சகஜம். வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லித்தான் விற்றேன். அவர் விலையைக் குறைக்கவும் இல்லை. காரணம் தாள் இல்லை, தாளோடு இருந்த சீட்டு. பாய் கெட்டிக்காரர், பெட்டி எந்தத் தெருவிலிருந்து வந்தது, யார் கொடுத்தது, வாப்பா எந்த வருஷம் அங்கே வேலை பார்த்தார் என்று அந்த வீட்டு லாத்தாவிடம் (அக்காவிடம்) கேட்டு, பீடிக்கட்டு அட்டையில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்திருந்தார்.

நான் உங்களிடம் முக்கியமாகக் கேட்பது இதுதான். ஒரு வீட்டிலிருந்து வந்ததை ஒன்றாகவே வையுங்கள். புத்தகம் தனி, பேப்பர் தனி, அட்டை தனி என்று பிரித்துக் குவித்துவிட்டால் அப்புறம் எதற்கு எது சொந்தம் என்று அந்த வீட்டாருக்கே தெரியாது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த நாட்டுச் சபர் என்று மூன்று வரி எழுதிச் செருகுங்கள். பெயர் வேண்டாம் என்று வீட்டார் சொன்னால் எழுதாதீர்கள், தெரு போதும். பென்சிலால், தனிச் சீட்டில். புத்தகத்தின் மேல் வேண்டவே வேண்டாம். மூட்டை வரும்போது வீட்டு ஆள் எதிரிலேயே நிற்பார், கேட்க அரை நிமிஷம் ஆகாது. ஆறு மாதம் கழித்து நான் வந்து கேட்டால் அந்த வீடே பூட்டிக் கிடக்கும், ஆட்கள் துபாயில் இருப்பார்கள்.

பாதுகாப்பது பற்றி உங்களுக்குச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவர்கள் நீங்கள். இருந்தாலும் நம் காற்று பொல்லாதது. வெளியூரில் ஐம்பது வருஷம் தாங்குகிற ஸ்டேப்ளர் பின் இங்கே பத்தே வருஷத்தில் துருப்பிடித்து, நடுத்தாளில் செம்மண் வட்டமாகக் கரைந்து இறங்குகிறது. நான் பத்திரிகை கைக்கு வந்ததும் பின்னைக் கழற்றிவிட்டு நூல் கோத்துவிடுவேன். நீங்கள் கழற்ற வேண்டாம், தாள் கிழிந்துவிடும். தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள், உப்பு மூட்டையும் கருவாட்டுக் கூடையும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சணலை இழுத்துக் கட்டினால் ஓரத்தில் வெட்டு விழும், மேலும் கீழும் ஒரு அட்டை கொடுத்துக் கட்டினால் போதும். ஐப்பசி மழையில் நனைந்தால் மொட்டை மாடி வெயிலில் காயப் போடாதீர்கள், நிழலில் விசிறி போதும். ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் போடுகிறேன், ஓரளவு கேட்கிறது. ராமர் அம்பு விட்ட ஊர் என்பதால் நமக்கு மட்டும் அந்தப் பூச்சி சலுகை காட்டுவதாகத் தெரியவில்லை. லேமினேஷன் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று ஒருவர் ஷார்ஜா டிக்கெட்டை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்துக்காக வாங்கினேன். பிளாஸ்டிக்கை இனி உரிக்க முடியாது. என் ஜெராக்ஸ் கடையிலேயே லேமினேஷன் மிஷின் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சரி, விலை. 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோனி ஆடிய மட்டை லண்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனது. 2020-ல் ஷேன் வார்னின் டெஸ்ட் தொப்பி பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. இதெல்லாம் உங்கள் போனிலும் வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு 1983 உலகக் கோப்பைச் சிறப்பிதழுக்கு என்னிடம் இருபதாயிரம் கேட்டவர் உண்டு. அந்த மட்டையும் தொப்பியும் உலகத்தில் ஒன்றே ஒன்று. சிறப்பிதழை ஊரே வாங்கி ஊரே பத்திரமாக வைத்திருக்கிறது, அதனால் விலை இல்லை. யாரும் எடுத்து வைக்காத சாதாரண வாரத்து இதழுக்குத்தான் ஆள் தேடி வருகிறார்கள். என் கணக்கு இது: கிலோ விலையைப் போல மூன்று மடங்கு கையோடு கொடுப்பேன். ஐநூறுக்கு மேல் விற்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு பிறகு வரும், விற்ற ரசீதைப் படமெடுத்து அனுப்புவேன். விலை தெரியாத வயசானவர்கள் எடைக்குக் கொண்டுவந்து கொடுத்ததில் பெரிய தொகை வந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு போகவேண்டும் என்பது என் ஆசை. அதற்கும் அந்தச் சீட்டு வேண்டும், வீடு தெரியாமல் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஒன்று மட்டும் வாங்கமாட்டேன். நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற முத்திரை இல்லாத புத்தகம் எவ்வளவு அரிதாக இருந்தாலும் வேண்டாம். அதை அந்த நூலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பஸ் செலவை நான் தருகிறேன்.

செவ்வாய்க்கிழமை கீழக்கரை, ஏர்வாடி. வியாழக்கிழமை தேவிபட்டினம், தொண்டி. ஞாயிறு மதியத்துக்கு மேல் மண்டபம், பாம்பன். வரும்போது கட்டுக்கட்டாகப் பழைய செய்தித்தாளும் கொண்டுவருகிறேன், எல்லாம் நேற்றைய, முந்தாநாளையது. கருவாட்டுக்கார அம்மாவுக்கு அதைக் கொடுங்கள்.